வில்ஃபின் சங்கிலியில் தொங்குவது

உலகத்தில் பதின்மூன்றே பதின்மூன்று இருக்கும் அந்தத் தங்கப் பதக்கத்துக்கு என் அடகுக் கடையில் விலை இருபத்திரண்டு ஷில்லிங்.

"முப்பது வேணும், மிஸ்டர் லம்ப்," என்றாள் ஹில்டா சக்டன்.

கவுண்டி கோப்பை ரக்பி தொடங்கிய நாளிலிருந்து முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விவிட்டு வருவது எங்கள் சுரங்க ஊரின் வழக்கம். போன நவம்பரில் அது மாறியது. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் இவள் கணவன் வில்ஃப், முதுகில் இரண்டு பேரைச் சுமந்துகொண்டே கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேற்றில் பதித்தான். கோப்பை எங்களுக்கு; ஆடிய பதின்மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தங்கப் பதக்கம்.

அவனைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இடது தோள் இன்னும் வலிக்கிறது.

கிறிஸ்துமஸுக்குச் சுரங்கத்தை மூடினார்கள். ஜனவரியில் பதக்கங்கள் கடைக்கு வரத் தொடங்கின. இதுவரை ஒன்பது. யாருடையவை என்று நான் வெளியே சொல்வதில்லை.

கோப்பை வென்றவன் பதக்கத்தைக் கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொண்டுதான் சனிக்கிழமை மைதானத்துக்கு வருவான். வெறும் சங்கிலியோடு வந்தால் ஊர் சிரிக்கும். அதனால் அடகு வைக்கிறவர்களுக்கு அதே அச்சில் பித்தளையில் ஒன்று தருவேன். விலை ஒரு ஷில்லிங். ஒவ்வொருவனும் தன்னுடையது மட்டும்தான் பித்தளை என்று நினைத்துக்கொண்டு மற்றவன் மார்பைப் பார்த்து ஏங்குவான்.

"எல்லாருக்கும் இருபத்திரண்டுதாம்மா," என்றேன்.

"அன்னைக்குத் தோள்ல தூக்குனீங்க. இன்னைக்கு எட்டு ஷில்லிங்குக்கு மூக்கால அழறீங்க."

"தூக்குனதுக்கு நான் கூலி கேக்கலையே. மக ஐவிக்கு டாக்டர் செலவா?"

"டாக்டர் இனிமே வேண்டாம்." பதக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாலடிப் பெட்டிதான். தச்சர் முப்பதுக்குக் கீழ இறங்க மாட்டேங்கறாரு."

முப்பதை எண்ணி வைத்தேன்.

"உரசிப் பாக்கலையா?"

"தெரிஞ்ச சரக்கும்மா."

"அவருக்குத் தெரியக் கூடாது. அசந்து தூங்குறப்போ கழட்டிட்டு வந்துட்டேன். அந்தப் பித்தளை ஒண்ணு குடுங்க."

உள்ளே போய் எடுத்து வந்தேன். உள்ளங்கையில் வைத்து அசைத்துப் பார்த்தாள்.

"என்ன, அசலை விடக் கனமா இருக்கு?"

"மட்டப் பித்தளை அப்படித்தான் இருக்கும்."

ஒரு ஷில்லிங்கை வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தன் பையிலிருந்து பன்னிரண்டு பென்னிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

பழக்கதோஷம். அவள் வைத்துவிட்டுப் போனதை உரைகல்லில் இழுத்துத் திராவகம் ஒரு சொட்டு விட்டேன். பச்சையாய்ப் பொங்கியது. பித்தளை.

பொங்கும் என்று தெரியும். வார்த்தவனே நான்தான்.

பிப்ரவரியில், ஐவிக்குக் காய்ச்சல் கண்ட வாரம், வில்ஃப் வந்திருந்தான். டாக்டருக்குப் பணம் வேண்டும் என்றான். தங்கத்தைக் கொடுத்து, பித்தளையை வாங்கி, கதவு வரை போய்த் திரும்பி, "ஹில்டாவுக்குத் தெரிய வேணாம்ணே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

இப்போது அவன் சங்கிலிக்குப் போவது அவன் வைத்த அதே தங்கம். தான் வாங்கிய பித்தளை என்று அவன் நினைப்பான். தான் வாங்கிய பித்தளை என்று அவள் நினைப்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதைத் தினமும் துடைத்து வைப்பார்கள்.

சீட்டோடு மீட்க வந்தால் சங்கிலியைப் பார் என்பேன். வரப்போவதில்லை. இந்தத் தெருவில் இந்த வருடம் யாரும் எதையும் மீட்கவில்லை.

நல்ல காரியம் செய்துவிட்டதாக ஒரு நிமிடம் இருந்தது. பிறகுதான் உறைத்தது: இனி அடுப்பே எரியாவிட்டாலும் இருவரில் ஒருவரும் அதை விற்க எடுத்து வரமாட்டார்கள்.

பேரேட்டைத் திறந்தேன். வில்ஃபுக்குக் கொடுத்தது இருபத்திரண்டு. ஹில்டாவுக்கு முப்பது. பித்தளைக்கு இருவரிடமும் சேர்த்து வரவு இரண்டு.

பாக்கி ஐம்பது ஷில்லிங். பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.