செதில் கட்டடமும் சிவப்பு சோடாவும்

“அசிங்கம்! மனுஷன் கண்ணால பாக்கிற மாதிரியா இருக்கு இது?”

பூப்போட்ட சட்டைக்கார அம்மாள், டி.வி. பெண்ணின் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினார். மணிக்கட்டில் ஒரு மல்லிகை மாலை. மறு கையில் ஸ்ட்ரா போட்ட சிவப்பு சோடா பாட்டில்.

பாங்காக்கின் சீலோம் சாலையில் புதிதாகத் திறந்த அலுவலகக் கட்டடத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் நிகழ்ச்சி அது. அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பக்கத்தில் வாழைப்பழம் சுடும் வண்டிக்குப் பின்னால், முகக்கவசம் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் ஒளிந்து நின்றார்கள். ஒருவர் கட்டடத்தின் சொந்தக்காரர். பெயர் மூ. தாய்லாந்து மொழியில் மூ என்றால் பன்றி. வீட்டில் வைத்த பெயர்தான். கோடீஸ்வரர் ஆன பிறகும் விசிட்டிங் கார்டில் அதுவே இருக்கிறது, ஒருவரும் சிரிப்பதில்லை.

இன்னொருவன் சக்தா. அந்தக் கட்டடத்தை வரைந்தவன். அவன் பெயர் சொல்லி எழும்பிய முதல் கட்டடம். முகப்பு முழுக்கச் செம்புத் தகடுகளை மீன் செதில் மாதிரி அடுக்கியிருந்தான்.

“மக்களுக்குப் பிடிக்கலேன்னா செதிலை உரிச்சுட்டு கண்ணாடி போட்ருவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது” என்று மூ முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார். சக்தாவுக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதலில் பேசியவன் ஆரஞ்சு சட்டை மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரன். “ஒட்டரிசி வேக வைக்கிற கூடையை அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. பாத்தாலே பசிக்குது. ஆனா அழகுதான்!”

அடுத்து ஓர் ஆபீஸ் பெண். “மத்தியானத்துல கீழ நின்னா நிழலும் காத்துமா இருக்கு. அழகா இருக்குக்கா.”

பப்பாளி சாலட் விற்பவள் ஒரு படி மேலே போனாள். “சாயங்கால வெயில் பட்டா அப்படியே தங்கம்! இந்த ஊர்லயே இதுதான் அழகு!”

சக்தா மூச்சு விட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் பூப்போட்ட சட்டை அம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தார். குரலைக் கேட்டதும் சக்தா முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டான்.

“பெரியம்மா, கொஞ்சம் பொறுமையா... அந்த சோடாவைக் குடிச்சுட்டுப் பேசுங்களேன்” என்றாள் டி.வி. பெண். இப்படி ஓர் ஆள் கிடைத்ததில் அவளுக்கு வாயெல்லாம் பல்.

“இது எனக்கில்ல! நீ எழுதிக்கோ. அருவருப்பு! கரப்பான்பூச்சிகூட இதைவிட லட்சணமா இருக்கும்!” மேலே அண்ணாந்து பார்த்து இன்னும் உரக்கச் சொன்னார். “யாருக்கும் வேண்டாம் இது! யாரும் தொடக்கூட மாட்டாங்க!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்தது.

“முடிஞ்சுது” என்றார் மூ. “அந்த மூணு பேர் சொன்னதை எவன் பாக்கப் போறான்? ராத்திரிக்குள்ள ஊர் பூரா கரப்பான்பூச்சிதான்.” அங்கேயே நின்று போன் போட்டார். “திங்கக்கிழமை ஆளுங்களை அனுப்பு. தகடு பூரா இறக்கணும்.”

சக்தாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“வா தம்பி, எது அவ்வளவு மோசம்னு அந்தம்மாகிட்டயே கேட்டுடலாம்” என்று மூ நடந்தார். சக்தா தயங்கித் தயங்கிப் பின்னால் போனான்.

அந்த அம்மாள் கட்டடத்தின் மூலையில் இருந்தார். அங்கே காவல் தேவதைக்கு வைத்திருக்கும் குட்டிக் கோயிலின் முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருந்தார். மல்லிகை மாலை தேவதைக்குச் சாத்தியாகிவிட்டது. சிவப்பு சோடா ஸ்ட்ராவோடு படியில் நின்றது.

சக்தாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. முகக்கவசத்தைப் பிடுங்கி எறிந்தான்.

“ஏம்மா இப்படிப் பண்ணினே? பெத்த பிள்ளை கட்டினதை நீயே நடுரோட்டுல நின்னு கேவலப்படுத்தலாமா? ஐயா எல்லாத்தையும் உரிக்கச் சொல்லிட்டாரு!”

மூ அவனையும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்கம்மாவா?”

அம்மாள் பதறி எழுந்து மகன் வாயைப் பொத்தினார். வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, காதோடு காதாகக் கிசுகிசுத்தார்.

“மெதுவாப் பேசுடா! உன் கட்டடம் பொறந்து மூணு நாள்கூட ஆகல. போறவன் வர்றவன் எல்லாம் அழகு, தங்கம்னு கூவுறான். சுத்துற ஆவி காதுல விழுந்தா விட்டு வைக்குமா? தூக்கிட்டுப் போயிடாது? நீ பொறந்தப்போ தெருவெல்லாம் குரங்குக் குட்டி, குரங்குக் குட்டின்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதான் இன்னிக்கு என் முன்னால ஆளா நிக்கிறே.”

பிறகு மூவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “உங்களுக்குத் தெரியாததா ஐயா? உங்கம்மா என்ன, ஆசைப்பட்டா உங்களுக்குப் பன்னின்னு பேர் வெச்சாங்க?”

மூ மாலையையும் சோடாவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

போனை எடுத்தார். “திங்கக்கிழமை ஆள் வேண்டாம். ஒரு தகட்டுலகூடக் கை வைக்கக் கூடாது.”

பிறகு விடுவிடுவென்று சாலைக்குப் போய், டி.வி. பெண்ணின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். தன் கட்டடத்தை ஆசை தீர அண்ணாந்து பார்த்தார். சீலோம் சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

“சீச்சீ! பாக்கவே சகிக்கல!”