கப்பலுக்கு ஓர் ஆயா

"நீ வாந்தி பண்ணுவாயா?"

துரைசாணி இப்படிக் கேட்டதும் வீரம்மாள் நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கு அதெல்லாம் வராதுங்கம்மா. மலைமேல பூண்டியில பொறந்து வளந்த ஒடம்பு. மேடும் பள்ளமும் எனக்கு ஒண்ணுதான்."

"ராக்காயி, நீ?"

"எனக்கு வரும்ங்கம்மா. பஸ்ஸு சத்தம் கேட்டாலே வரும்."

வீரம்மாளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பைத்தியக்காரி, தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள்.

கொடைக்கானலில் அந்த மிஷன் பங்களாவில் இருவருமே ஆயாக்கள். துரை குடும்பத்துக்கு மலேயாவிலுள்ள பினாங்குக்கு மாற்றலாகியிருந்தது. கப்பல் ஏறினால் துரைசாணி படுத்துவிடுவாள். போன தடவை கரை வரும்வரை தலையே தூக்கவில்லையாம். நாலு வயதுப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கூடவே ஓர் ஆயா வேண்டும். கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம். ஆனால் அவளும் சேர்ந்து படுத்துக்கொள்ளக் கூடாது.

துரைதான் யோசனை சொன்னார். இருவரையும் பஸ்ஸில் வத்தலக்குண்டுவரை கூட்டிப்போய்த் திருப்பிக் கூட்டி வா. மலைப்பாதையைத் தாங்குகிறவள் கடலையும் தாங்குவாள்.

வீரம்மாளுக்குப் பினாங்கு போயே ஆகவேண்டும். அவள் புருஷன் யுத்தத்துக்கு முன்பு மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் வந்ததோடு தகவல் நின்றது. சண்டை ஓய்ந்து எத்தனையோ பேர் திரும்பினார்கள்; அவன் வரவில்லை. செத்திருப்பான் என்றது ஊர். அவள் பொட்டை அழிக்கவில்லை. அங்கே போய் நாலு பேரிடம் விசாரித்தால் போதும். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ராக்காயிக்கு என்ன குறை? பொழுது சாய்ந்தால் பேத்துப்பாறையிலிருந்து அவள் புருஷன் வந்து பங்களா கேட் அருகே காத்து நிற்கிறான். அவள் குரல் கேட்டாலே பாப்பா ஓடுகிறது. அவளுக்குச் சும்மா கப்பல் பார்க்கணுமாம். அந்தக் கப்பலும் அவளுக்கேவா?

துரைசாணி அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்தாள்.

"ராக்காயி, நீ உண்மை சொன்னாய். கப்பலில் நானும் இதைத்தான் சாப்பிடுவேன். காலையில் புறப்படும் முன்னே விழுங்கு. வெறும் வயிற்றோடு ஏறாதே. கிட்டத்தில் பார்க்காதே, தூரத்தில் பார்."

கூடவே ஓர் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்தாள்.

வீரம்மாளுக்கு வயிறு எரிந்தது. வரும் என்கிறவளுக்கு மருந்து, பிஸ்கட். வராது என்கிறவளுக்கு வெறுங்கை. நிஜத்தில் அவளுக்கும்தான் வரும். இனிமேல் அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை ராக்காயி மாத்திரையை அடுப்படி மாடத்தில் தம்ளரால் மூடிவைத்துவிட்டு, பாப்பாவுக்குத் தலை வாரப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் மாத்திரை வீரம்மாள் வயிற்றுக்குள் போய்விட்டது.

"யக்கா, இங்க இருந்த மாத்திரையப் பாத்தியா?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும். இந்த வீட்டு எலி பிஸ்கட்டு தின்னு கொழுத்தது."

ராக்காயி தம்ளரைத் தூக்கி, அடியில் பார்த்துவிட்டுக் கவிழ்த்தாள்.

"இருக்கும்க்கா."

பஸ்ஸில் துரைசாணி முன் சீட்டில் உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பின் சீட்டில் ஆயாக்கள். பாப்பாவை வீரம்மாள் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இறக்கத்தில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ராக்காயி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். வீரம்மாளுக்கு ஒன்றுமே இல்லை. கொட்டாவிதான் வந்தது.

'நல்லா எடு,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

திரும்பி வரும் ஏற்றத்தில் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. இமையில் யாரோ உட்கார்ந்து அமுக்குவதுபோல் இருந்தது.

விழித்தபோது பஸ் கொடைக்கானலில் நின்றிருந்தது. பதறிப்போய்க் குனிந்தாள். பாப்பா அவள் மடியில்தான் இருந்தது. சேலையில் ஒரு கறை இல்லை. பக்கத்தில் ராக்காயி கிழித்துப் போட்ட வாழையிலை மாதிரி துவண்டு கிடந்தாள், முந்தானையெல்லாம் பாழ்.

துரைசாணி அப்போதுதான் கண்ணைத் திறந்து, திரும்பி, இருவரையும் பார்த்தாள்.

"வீரம்மாள், கப்பலுக்கு நீ வா."

பங்களாவுக்கு வந்து பாப்பாவுக்குக் கால் கழுவும்போது வீரம்மாள் கைக்கு இருந்த வேகமே வேறு.

"ஆயா, நீங்க பஸ்ல தூங்கினீங்க. நான் கீழ விழப் பாத்தேன்."

"அப்புறம்?"

"ராக்காயி ஆயா புடிச்சுக்கிட்டாங்க. ஒரு கையால என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே வாந்தி எடுத்தாங்க. ஊரு வந்ததும் உங்க மடியில வச்சாங்க. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம்."

வீரம்மாள் கையிலிருந்த செம்பு நின்றது.

"மயில்சாமி யாரு ஆயா?"

"என்ன பாப்பா கேக்குற?"

"தூக்கத்துல கூப்புட்டுக்கிட்டே இருந்தீங்களே."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. புருஷன் பேரை எந்தப் பொம்பளை சொல்வாள்?

கொல்லைக் குழாயடியில் ராக்காயி முந்தானையை அலசிக்கொண்டிருந்தாள். உதடு இன்னும் வெளிறித்தான் இருந்தது.

"ராக்காயி, அந்த மாத்திரைய எலி எடுக்கல."

"தெரியும்க்கா. அதத் தின்னா தூக்கம் சொக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்; நீ கொட்டாவி விட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏன் தொரசாணிகிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீதான கப்பல்ல போயிருப்ப?"

ராக்காயி முந்தானையைப் பிழிந்து உதறினாள்.

"போயி? அங்க எனக்குத் தேட ஆளில்லையேக்கா."