பின்னால் நின்ற டாக்டர்

"இவரை வெளிய போகச் சொல்லுங்க," என்றாள் உமைரா.

பிரசவ அறையில் நின்று அப்படிச் சொல்ல அவளுக்கு அதிகாரம் எதுவும் இல்லை. கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தது அவள் புருஷன் ஷேக் பரீதின் தங்கை சாயிமா. துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்றதால் உமைரா உள்ளே வந்திருந்தாள். அவ்வளவுதான்.

அவள் கை காட்டியது டாக்டர் தாவீதை. தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். ஆனாலும் அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும்.

முந்தின வருஷம் தாராவியில் அவருடைய நர்சிங் ஹோமில்தான் உமைராவின் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். அவளுக்கு மட்டுமல்ல, அங்கே போன யாரும் தையல் இல்லாமல் திரும்பியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. சந்துக்குள் அவருக்குப் பெயரே கத்தி டாக்டர். சாயிமாவுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சண்டை போட்டு, இந்த முனிசிபல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே உமைராதான்.

இங்கேயும் வந்து நிற்கிறார்.

டாக்டர் ஷமீமா திரும்பிப் பார்த்தாள். பிரசவம் பார்ப்பது அவள்தான். தாவீதுக்கு மகள் வயது இருக்கும்.

"சாயிமாகிட்ட கேட்டுட்டுத்தான் நிக்கச் சொன்னேன். அவர் எதையும் தொட மாட்டார்."

சாயிமா அப்போது எதைக் கேட்டாலும் தலையாட்டும் நிலையில் இருந்தாள்.

மேற்கொண்டு பேச நேரமில்லை. பிள்ளையின் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷின் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது. தலை நன்றாக இறங்கி நிற்கிறது, ஆனால் முக்குவதற்கு சாயிமாவிடம் தெம்பில்லை.

தாவீது ஷமீமாவின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "தியேட்டருக்குக் கொண்டு போயிடலாமா மேடம்?"

உமைராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம் சார்," என்றாள் ஷமீமா. "தலை இவ்வளவு கீழ இருக்கு. இப்ப வயித்தைத் திறந்தா, திரும்ப மேல தள்ளி எடுக்கணும். அதுலதான் ஆபத்து ஜாஸ்தி."

சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு கப். அதைப் பிள்ளையின் தலையில் பதித்து, ஓரத்தில் வேறு எதுவும் சிக்கவில்லையே என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். காற்றை உறிஞ்சியதும் கப் பிடித்துக்கொண்டது. வலி வரும்போது மட்டும் முக்கச் சொன்னாள். சாயிமா முக்கினாள், ஷமீமா இழுத்தாள். வலி நின்றதும் அவளும் நிறுத்திக்கொண்டாள். அவசரமே இல்லாதவள் மாதிரி அடுத்த வலிக்காகக் காத்திருந்தாள்.

சாயிமா உமைராவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"மதினி, நான் செத்துருவேனா?"

"பிள்ளை வந்தாச்சு. இன்னும் கொஞ்சம் தம் பிடி."

அடுத்த வலியில் வந்துவிட்டது. பெண். முதலில் சத்தமே இல்லை. பிறகு அறை அதிர அழுதது. உமைராவும் அழுதாள்.

உச்சந்தலையில் கப் இருந்த இடம் வீங்கியிருந்தது. ஓரிரண்டு நாளில் வடிந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஷமீமா தாயைக் கவனிக்கப் போனாள்.

தாவீது வெளியே போவதைப் பார்த்து, உமைரா பின்னாலேயே போய் வராந்தாவில் அவரை மறித்தாள்.

"இங்கயும் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. கத்துக்க வந்தேன்."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சொன்னார். படிக்கிற காலத்தில் இந்தக் கப்பையும், தலையைப் பிடித்து இழுக்கிற இடுக்கி மாதிரி ஆயுதத்தையும் பெரிய டாக்டர்கள் போடுவார்கள், இவர் தூரத்தில் நின்று பார்ப்பார். கையில் கொடுத்து யாரும் பழக்கவில்லை. டாக்டரான பிறகு போய்க் கேட்க வெட்கம். கத்தி கைக்கு நன்றாகப் பழகிவிட்டது, அதனால் வந்தவர்களுக்கெல்லாம் கத்தி. இப்போதுதான் ஷமீமாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, நேரம் கிடைக்கும்போதெல்லாம் வந்து பின்னால் நிற்கிறாராம்.

உமைராவின் கை தன்னை அறியாமல் அடிவயிற்றுக்குப் போனது.

"அப்ப எனக்கு?"

பிள்ளைக்கு ஆபத்து, வேறு வழியில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள்.

"உங்க பிள்ளைக்கும் தலை இப்படித்தான் இறங்கி நின்னுது," என்றார் தாவீது. "இந்த வேலை தெரிஞ்ச டாக்டரா இருந்தா கீறியிருக்க மாட்டார்."



"நான் தாராவியில போய் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்," என்றாள் உமைரா.

"சொல்லுங்க," என்றார். சொல்ல மாட்டேன் என்று அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருமா என்று அவர் காத்திருக்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில், கீழே காத்திருந்தவர்களிடம் உமைரா போய்ச் சேரவும், பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். சாயிமாவின் புருஷன் உதுமான் ஆசையாகக் குனிந்தவன், தலை வீங்கியிருப்பதைப் பார்த்ததும் முகம் சுளித்தான். இதுக்கு தாவீது டாக்டரிடமே போயிருந்தால் மொழுமொழுவென்று எடுத்துக் கொடுத்திருப்பார் என்றான்.

ஷேக் பரீதுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அந்தாளு இப்பத்தான் இந்த வழியா போனாரு. கத்தி டாக்டருக்கு இங்க என்ன வேலை?"

எல்லோரும் உமைராவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் பொழுது சாய்வதற்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் வெட்கத்தில் அந்த மனுஷன் இந்த ஆஸ்பத்திரிப் படியேற மாட்டார். கத்தியே போதும் என்று இருந்துவிடுவார்.

"பெரிய டாக்டர்லா," என்றாள் உமைரா. "இங்க உள்ளவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்காரு."