நாலு கோப்பைப் பந்தயம்

"சூதாட்டம்! சங்க மண்டபத்துக்குள்ளை சூதாட்டம்!"

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா.

மேசையைச் சுற்றி நாலு கிழவர்கள். கையிலே கடுதாசிக் கட்டு. புதன்கிழமை மத்தியானம் லண்டன் குட்மேய்ஸ் மண்டபத்தில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு செமிக்காது.

"பந்தயம் என்ன?" என்றார் தலைவர், பொலிஸ்காரன் மாதிரி.

நாலு பேரில் மூத்தவரான இராசரத்தினம் எழும்பினார். "தோத்த சோடி தேத்தண்ணிக் கோப்பை கழுவ வேணும், தம்பி. நாலே நாலு கோப்பை."

"பந்தயம் பந்தயம்தான். பனைமரத்துக்குக் கீழை நிண்டு பால் குடிச்சாலும் சனம் கள்ளெண்டுதான் சொல்லும், அண்ணை. எங்கடை பிள்ளையள் பார்த்துப் பழகினால்?"

"புதன்கிழமை மத்தியானம் பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை எல்லோ?"

அது தலைவரின் காதில் விழவில்லை. கடுதாசியை அள்ளிக் கோட்டுப் பைக்குள் போட்டார். இனிப் புதன்கிழமையில் மண்டபம் திறக்காது என்றார்.

"மனுசி போனதுக்குப் பிறகு நான் வாய் திறக்கிறது இந்த ஒரு நாள்தான், தம்பி. மற்ற ஆறு நாளும் ரீவி கதைக்கும், நான் கேப்பன். கொஞ்சம் சலுகை காட்டுங்கோ."

"சூதுக்குச் சலுகையோ? நான் தலைவரா இருக்கும்வரை நடக்காது!"

மூன்று புதன் போனது. வீட்டில் ஆடலாம் என்றால், நாலு பேரில் ஒருவரான கதிர்காமநாதனுக்குப் பாரிசவாதம். அவருடைய சக்கர நாற்காலி மற்ற மூவரின் வாசற்படியும் ஏறாது. அவர் இருப்பதோ மகன் வீட்டு ஒற்றை அறையில்; நாலு பேர் இருக்க இடம் காணாது. "எப்பவாம் திறக்கிறது?" என்று நாளுக்கொரு தரம் போன் எடுப்பார் பாவம்.

நாலாம் கிழமை, தலைவரே இராசரத்தினத்தின் வீட்டு மணியை அடித்தார். உள்ளே வந்து கடுதாசிக் கட்டை மேசையில் வைத்தார்.

"அண்டைக்குக் கொஞ்சம் கடுமையாக் கதைச்சுப்போட்டன், அண்ணை."

இராசரத்தினத்துக்கு மனம் இளகிவிட்டது. ஓடிப்போய் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

தலைவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். "நாலு பேரும் இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ. புதன்கிழமை பழையபடி திறக்கும்."

இராசரத்தினம் கண்ணாடியைப் போட்டார். முப்பது வருசம் தபால் பிரித்த கண். ஒரு வரி தப்பாது.

மேஃபெயார் பக்கம் ஒரு கசினோவாம். பெரிய தொகை வைத்து ஆடும் வெளிநாட்டுப் பணக்காரரை இழுக்க, அது கட்டும் வரியை அரசாங்கம் குறைக்க வேண்டுமாம். ஊர்ப் பெரியவர்களும் ஆதரிக்கிறார்களாம்.

"இதிலை உங்களுக்கு என்ன, தம்பி?"

"நான்தான் அவையின்ரை வரி ஆலோசகர்." தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "சலுகை குடுக்காட்டில் பெரிய ஆட்டக்காரர் வேறை நாட்டுக்குப் போயிடுவினம், அண்ணை."

"அட! வீட்டுக்குக் கட்டுற கவுன்சில் டாக்ஸ் கூடேக்கை நானும் டுபாய்க்குப் போறன் எண்டு வெருட்டியிருக்கலாம். புத்தி வரேல்லை. அதுசரி, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு வைப்பினம்?"

"சிலர் இந்த வீட்டு விலையையே வைப்பினம்."

"தோத்தால் கோப்பை கழுவுவினமோ?"

தலைவர் சிரித்துப் பார்த்தார். அது சிரிப்பாக வரவில்லை. "அதைச் சூதெண்டு சொல்லக்கூடாது, அண்ணை. நாட்டுக்கு வருமானம்."

"ஓமோம். நாங்கள் பனைக்குக் கீழை நிண்டதுதான் பிழை. மேலை ஏறிக் கள்ளு முட்டியோடை குடிச்சிருக்க வேணும்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கதிர்காமநாதன்.

"என்னவாம் ரத்தினம்? இந்தப் புதனாவது திறக்குமோ?"

இராசரத்தினம் தாளைப் பார்த்தார். பேனையைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார் தலைவர். ஒரு கையெழுத்துத்தான்.

"இல்லை, கதிர். திறக்காது. நாங்கள் மூண்டு பேரும் உன்ரை மகன் வீட்டு வாசலுக்கு வாறம். மழையெண்டால் குடையைப் பிடிச்சுக்கொண்டு விளையாடுவம்."

போனை வைத்தார். கடுதாசிக் கட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். தாளைத் தலைவர் பக்கம் தள்ளினார். கூடவே வெறுங்கோப்பையையும்.

"இதைக் கழுவி வைச்சிட்டுப் போங்கோ, தம்பி. எங்கடை சூதிலை தோத்தவர்தான் கழுவுறது."