ஒரு பெயர் குறைகிறது

"யமிலா, இந்தக் கடைசி மெஷின் தன் பேரைச் சொல்ல மாட்டேங்குது!"

ஃபாபியானின் குரல் சர்வர் அறையின் இரைச்சலைத் தாண்டி வெளியே கேட்டது. பக்கத்து அறையில் ரத்த மாதிரிகளைச் சோதிக்கும் யமிலா, குவளையிலிருந்த மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடியே எட்டிப் பார்த்தாள்.

"வெட்கப்படுதோ என்னவோ. புதுசு இல்லையா!"

"வெளையாடாதே. வந்து பாரு."

புதிதாக வந்த சர்வர்களில் லினக்ஸ் இயங்குதளம் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் உட்கார வேண்டியதில்லை. மின்சாரம் கொடுத்தால் போதும். இயந்திரம் தானாகவே நெட்வொர்க்கில் குரல் கொடுக்கும், வேண்டியதை இறக்கிக்கொள்ளும், கடைசியில் 'என் பேர் என்ன?' என்று கேட்கும். ஃபாபியான் அமைத்து வைத்திருந்த கணினி பதில் சொல்லும். கிளாரா, லௌதாரோ, இனேஸ் என்று திரையில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கடைசியாக எழுந்ததில் மட்டும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றிருந்தது. கேட்டும் பெயர் கிடைக்காத எந்த இயந்திரமும் வைத்துக்கொள்ளும் பொதுப் பெயர் அது.

வேறு இடமாக இருந்தால் சர்வர்களுக்கு ஆறு, மலை என்று ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். ரொசாரியோ நகரின் இந்த மரபணு ஆய்வகத்தில் அப்படி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு ராணுவ ஆட்சியில் இழுத்துச் செல்லப்பட்ட கர்ப்பிணிகள் சிறையிலேயே பிள்ளை பெற்றார்கள். பிள்ளைகளைப் பிடுங்கி யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, பெற்றவர்களைக் கொன்றார்கள். அந்தத் தாய்மார்கள் வைத்த பெயர்கள் மட்டும், கூடவே அடைபட்டிருந்து தப்பியவர்கள் வாய்வழியாக வெளியே வந்தன. உறவினர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டு ஆய்வகம் தேடிவரும், இன்னும் கிடைக்காத பிள்ளைகளின் அந்தப் பெயர்களைத்தான் வைக்க வேண்டும் என்று இயக்குநர் மிர்த்தா பிடிவாதமாக இருந்தார். பெயர்களைக் கணினியில் ஏற்றியதும் அவரே. ஃபாபியான் அவற்றைப் படித்துப் பார்க்கக்கூட மறுத்துவிட்டான். "படிச்சா அன்னைக்குப் பூரா எனக்கு வேலை ஓடாது, டாக்டர்."

இப்போது அந்தக் கணினியின் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தவன் முகம் மாறியது.

"என்னடா?" என்றாள் யமிலா.

"மெஷின் மேல தப்பில்ல. ஒரு பேரு குறையுது. இன்னைக்குக் காலையில யாரோ அழிச்சிருக்காங்க."

"யாரு?"

"மிர்த்தா."

"அவங்களா? ஒரு எழுத்து தப்பாப் போனாலே அன்னைக்குச் சாப்பிட மாட்டாங்களே!"

ஃபாபியான் மாடியேறினான்.

மிர்த்தா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் நின்று பரானா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு பிள்ளையோட பேரை அழிச்சீங்களா?"

"ஆமா."

"ஏன்? உயிரோட இல்லையா? இல்ல, குடும்பத்துல தேடறதை விட்டுட்டாங்களா? அவங்களே விட்டாலும் நாம விடலாமா?" அவரிடம் இப்படிக் கத்துவோம் என்று அவனே நினைத்ததில்லை. "மிச்சம் இருக்கிறதே அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் நாமளே அழிச்சா எப்படி?"

மிர்த்தா திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"அதெல்லாம் தொலைஞ்சவங்க பேரு, ஃபாபி. அவன் இப்போ தொலைஞ்சவன் இல்ல."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"கிடைச்சுட்டானா?" பாய்ந்து போய் அவரைக் கட்டிக்கொண்டான். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா? ஏய் யமிலா! மேல வா!"

"கூப்பிடாதே. கதவைச் சாத்து."

சாத்தினான்.

"அவனுக்கே இன்னும் தெரியாது" என்றார் அவர்.

ஃபாபியானின் குரல் தானாகவே இறங்கியது. "ஐயோ பாவம். இந்நேரம் எங்கயோ வேலை பார்த்துட்டு இருப்பான். ஞாயித்துக்கிழமை ஆனா வளர்த்தவங்க வீட்ல உக்காந்து கறி சுட்டுச் சாப்பிட்டுட்டு, அவங்களையே அப்பா அம்மான்னு கூப்பிட்டுட்டு... எப்படித் தாங்குவான் டாக்டர்?"

"அதான் எனக்கும் தெரியல."

"எங்கப்பாகிட்ட இந்த மாதிரி விஷயம் எதுவுமே பேச முடியாது. பழசைக் கிளறாதேம்பார். நான் இங்க வேலைக்குச் சேர்ந்ததுக்கே எத்தனையோ நாள் முகம் குடுத்துப் பேசல." சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினான். "சரி, இவன் எப்படி வந்தான்? சந்தேகப்பட்டு அவனாவே ரத்தம் குடுத்தானா?"

"சந்தேகமே இல்ல அவனுக்கு." மிர்த்தா ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். "யார் தந்த ரத்தத்துலயாவது நம்ம ஆளுங்க மரபணு தவறிக் கலந்தா உடனே கண்டுபிடிக்கணும்னு, இங்க வேலை பார்க்கிற எல்லார்கிட்டயும் ஒரு மாதிரி எடுத்து வச்சோமே..."

"ஆமா, அதுக்கென்ன இப்போ? நான்கூடக் குடுத்..."

வார்த்தை பாதியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பல் ஊதியது அவன் காதில் விழவில்லை.

மிர்த்தா அவன் தோளைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்.

"உங்கம்மா உனக்கு ரமீரோன்னு பேர் வச்சிருந்தா" என்றார்.