வலதுக்கு மட்டும் நீளமா?

வரதராசன் வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தன. இடது ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அதற்குச் சின்ன வயரே போதுமாயிருந்தது. வலது ஸ்பீக்கர் மறுகோடியில் நின்றது. அவ்வளவு தூரம் போனாலும் சத்தம் குறையக் கூடாதென்று அதற்குத் தடிமனான, நீளமான வயர் போட்டிருந்தார்.

இடதுக்கு மனசு ஆறவில்லை. "உனக்கு மலைப்பாம்பு, எனக்கு நூலா?" என்றது.

"நான் தூரத்துல நிக்கறேன்டி. வேணும்னா இடத்தை மாத்திக்கலாமா?" என்றது வலது.

"இடம் வேண்டாம். வயர்தான் வேணும்."

அன்றிலிருந்து இடது, பாட்டுக்கு நடுவே வேண்டுமென்றே கரகரத்தது. வயர்தான் சரியில்லை என்று நினைத்த வரதராசன், வலதுக்குப் போட்ட அதே வயரை அதே நீளத்தில் வாங்கி மாட்டினார். மிச்சத்தைச் சுருட்டி இடதுக்குப் பின்னால் வைத்தார். இடது பூரித்துப்போய்ப் பாடியது.

அந்தச் சுருளுக்குள் ஓர் எலி குடிவந்தது. வந்த வேகத்தில் வயரைக் கொறிக்கவும் தொடங்கியது. ஒருநாள் பாதிப் பாட்டில் இடதின் குரல் நின்றுபோனது.

"ஐயோ, வாயைத் திறடி!" என்று வலது பதறியது.

வரதராசன் வந்து, எலி கடித்ததையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு மிஞ்சிய துண்டை மாட்டினார். இடதுக்குக் குரல் திரும்பியது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று வலது ஆசையாக விசாரித்தது.

"அது இருக்கட்டும்," என்று இடது முறைத்தது. "எலி ஏன் உன் பக்கம் வரவே இல்ல?"