மாப்பிள்ளை வாசம்

என் மணிக்கட்டில் தெளித்துவிட்டு, கடைக்கார நப்ரீஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அங்கிள், இது இருபது, இருபத்திரண்டு வயசுப் பொடியன்மார் போடுற சென்ட்."

"எனக்கும் ஒரு காலத்தில அந்த வயசு இருந்திச்சு தம்பி."

முகர்ந்தேன். முதலில் அரிந்த ஆப்பிள். கொஞ்சம் பொறுத்தால் மிளகு. அதற்கும் அடியில், புதிதாக இழைத்த பலகை. துடுக்கான வாசனைதான். மோட்டார் சைக்கிளில் போவதாக என்னை நினைத்துப் பார்த்தேன். வயிறு பெட்ரோல் டாங்கியில் இடித்தது.

"ஒருக்கா அடிச்சா நாள் முழுக்க நிக்கும் அங்கிள். தண்ணிக்கும் போகாது."

பெயர் பெற்ற கம்பெனி, விலையும் கைக்கு அடக்கம். எடுத்துக்கொண்டேன்.

போன மாதம்தான் ஓய்வு. மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றில், கொழுந்தைத் தேயிலைத் தூளாக்குகிற ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்தேன். ஸ்டோருக்குள் சென்ட் கூடாது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும்.

கல்யாணமான முதல் தீபாவளிக்கு, இதெல்லாம் தெரியாமல், சத்தியபாமா பதுளையில் ஒரு சென்ட் போத்தல் வாங்கித் தந்தாள். எனக்குத் தெரியும். ஆனால் புதுப் பெண்டாட்டியிடம் யார் சொல்வது? அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பெரிய டீமேக்கர் வாசலிலேயே மறித்தார்.

"ஒனக்கு மாப்பிள்ளை வாசம் சரி. என் தேயிலைக்கு எதுக்குடா?"

பைப்படியில் சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் தேய்த்துக் குளித்த பிறகுதான் உள்ளே விட்டார். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் எல்லோருக்கும் அன்றைக்கு நான்தான் தீபாவளி.

போத்தல் அலுமாரியிலேயே வற்றிப்போனது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் சென்ட் போட்ட ஒருவன் கடந்து போனால், அவள் ஒரு மூச்சு நீளமாக இழுப்பாள். நான் தேரைப் பார்க்கிற மாதிரி இருந்துவிடுவேன்.

அந்த ஒரு மூச்சு எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

தோட்டத்துக் குவார்ட்டர்ஸை விட்டு டவுனுக்கு வந்ததிலிருந்து, கடைசி நாள் நான் போட்ட காக்கிச் சட்டையைக் காணவில்லை. கேட்டேன். "யாருக்கோ குடுத்திட்டேங்க. ஒரே தேயிலைத் தூசி நாத்தம்" என்றாள். நியாயம்தான். இத்தனை வருஷம் ஒரு டீப்பெட்டியோடு குடும்பம் நடத்தியவள்.

த்ரீவீலில் ஏறி, கழுத்தில் இன்னொரு தடவை அடித்துக்கொண்டேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்தார்.

"ஐயா கலியாண வீட்டுக்கா?"

"ஆமாப்பா. என் வீட்டுக்குத்தான்."

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. பின்னால் போய் நின்று அவளைத் திடுக்கிட வைக்கலாம் என்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தேன்.

அவள் அறையில் எனக்கு முதுகு காட்டி நின்றாள். அலுமாரி திறந்திருந்தது. சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை இழுத்து, முடிச்சை அவிழ்த்தாள்.

என் காக்கிச் சட்டை. துவைக்கவேயில்லை.

அதில் முகத்தைப் புதைத்தாள். ஒரு மூச்சு நீளமாக இழுத்தாள். பிறகு, உள்ளே மிச்சமிருப்பதும் போய்விடும் என்கிற மாதிரி, அவசரமாக முடிச்சைப் போட்டாள்.

வந்த வழியே வெளியே போனேன். பைப்படியில் சவர்க்காரத்தைத் தேடி எடுத்து, கழுத்தைத் தேய்த்தேன். மணிக்கட்டைத் தேய்த்தேன். மறுபடியும் கழுத்தை.

நப்ரீஸ் பொய் சொல்லவில்லை. நல்ல சென்ட். லேசில் போவதாக இல்லை.